கொண்ட வேடமும் அதன் கடனும்

உயிர் தான் பெறும் உடம்பைத் தானே தெரிந்து கொள்வதில்லை. தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கும் வினைக்கீடாக அதற்குக் கூட்டப்படுவன என்பது நம் சித்தாந்த நூல்களின் துணிபு. இன்ன நாட்டில், இன்ன குடியில், இன்ன நிறத்தொடு பிறப்பேன் என்று முன்னரே வரைந்துகொண்டு பிறந்தார் ஒருவரும் இலர். ஆகலின், உடம்பின் நிறம் பற்றி ஒருவனைப் புகழ்தலும் இகழ்தலும் அறிவுடையார் செயல் அல்ல என்று கூறி அவ்வளவில் அமைதல் நமக்கு எளிதாயிருந்தது. இக்காலத்தோ, உடம்பையும் அதன் நிறத்தையும் ஒருவன் தானே தெரிந்து கொள்ளுமாறு அமைந்த ஓரிடம் உளதாயிற்று. ஆண்டு அவன் கொள்ளும் நிறத்துக்கு அவனே பொறுப்பாளன். ஆகவே, பிறப்பில் எழாத ஒரு வினா ஆண்டு எழுகின்றது. ஓரினத்தார்க்கே சிறப்பாக உரிய தோலும் முகவெட்டும் உள்ளவாறே எழுதப்பெற்ற வடிவொன்றை, அவ்வினத்திற் பிறவாதான் ஒருவன் மேற்கொள்ளலாமா? மேற்கொள்வானாயின், அவனுக்குரிய கடன் யாது? இதனைச் சிறிது ஆராய்வாம்.

பொருளின் இயல்பு

கணிப்பொறிவழி இயங்கும் மெய்நிகர் உலகங்கள் பல. அவற்றுள் ‘செகண்ட் லைஃப்’ என்பது அமெரிக்க நாட்டுச் சான்பிரான்சிஸ்கோ நகரத்து லிண்டன் லேப் என்னும் நிறுவனத்தாரால் 2003-ஆம் ஆண்டில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அது வென்றி தோல்வி குறித்த விளையாட்டன்று. அதனுட் புகுந்தோர் வீடு கட்டுவர், கடை வைப்பர், அளவளாவுவர், மணமும் செய்துகொள்வர். அங்கு வழங்கும் நாணயம் லிண்டன் டாலர் எனப்படும். புகுவார் ஒவ்வொருவர்க்கும் ஓர் உருவம் உண்டு. அதனை ‘அவதார்’ என்ப. அவ்வுருவின் உறுப்பமைப்பு வேறு; அதன்மேற் போர்த்தப்படும் தோல் வேறு. மூக்கின் அகலம், உதட்டின் தடிப்பு, தாடையின் நீளம் முதலியவற்றைப் புகுவோர் தாமே கூட்டியும் குறைத்தும் திருத்திக்கொள்வர். ‘ஸ்கின்’ எனப்படும் தோலோ, தலை, மேலுடல், கீழுடல் என மூன்று பகுதியாக எழுதப்பெற்ற ஓவியம். உறைபோல உருவின்மேற் சுற்றப்படுவது. நிறம், இமையின் நிழல், உதட்டின் வரி, மச்சம், தழும்பு ஆகிய எல்லாம் அவ்வோவியத்துள் அடங்கும். இவ்வாறு தோல் தீட்டி விற்கும் கடைகள் அங்கு மிகப் பல. ஒரே முகத்தை வெளிறிய பால்நிறம் தொடங்கிக் கருங்காலி நிறம் ஈறாகப் பல படித்தாக்கி விற்பார் உளர். ஆப்பிரிக்கர், கிழக்காசியர், தெற்காசியர் முதலியோர் முகங்களைத் தனித்தனி நோக்கி உள்ளவாறு எழுதுவாரும் உளர்.

‘அவதார்’ என்னும் பெயர் நம் நாட்டு வடசொல்லாகிய அவதாரம் என்பதே. 1980-களின் இடையில் லூக்காஸ்ஃபிலிம் கேம்ஸ் நிறுவனத்தில் ‘ஹாபிடாட்’ என்னும் மெய்நிகர் உலகம் ஆக்கப்பட்டபோது, அதனை ஆக்கினோருள் ஒருவராகிய சிப் மார்னிங்ஸ்டார் இச்சொல்லை இப்பொருளில் ஆண்டார். 1992-இல் வெளிவந்த நீல் ஸ்டீவன்சனின் ‘ஸ்னோ கிராஷ்’ என்னும் புதினத்தால் அது எங்கும் பரவிற்று. அவதாரம் என்பது கீழிறங்குதல் எனப் பொருள்படும். இறைவன் கருவயிற்படான் என்பதும், அவன் கொள்ளும் திருமேனிகள் வினையான் வந்தன அல்ல, உயிர்கள்மேல் வைத்த அருளாற் கொள்ளப்பட்டன என்பதும் சைவர் கொள்கை. மெய்நிகர் உலகிற் புகுவானுடைய உருவமோ, வினையான் வந்த உடம்புமன்று. அருளாற் கொண்ட மேனியுமன்று. வேண்டியபோது அணிந்து வேண்டாதபோது களையும் கூத்தன் கோலத்தையே அது பெரிதும் ஒக்கும். ஆகலின் இக்கட்டுரையில் அதனை வேடம் என்றே வழங்குவாம்.

உள்ளவாறு எழுதுதல்

வேடம் மெய்போலத் தோன்றுதற்கு வேண்டுவது யாது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். தோலின் நிறம் மெலனின் என்னும் நிறப்பொருளின் அளவானும் வகையானும் வேறுபடுவது. அது குறைந்த தோலில் ஒளி உட்புகுந்து சிதறி, உள்ளிருந்து கசிவது போன்ற மெல்லொளியாய்ப் புறத்தே வரும். அது மிக்க தோலிலோ, உட்புகும் ஒளியின் பெரும்பகுதி மெலனினால் விழுங்கப்படுதலின், மேற்பரப்பிற் பட்டு மீளும் மினுக்கமே கண்ணுக்குச் சிறந்து தோன்றும். 2001-இல் ஹென்ரிக் வான் ஜென்சன் முதலியோர் தோலினுட் சிதறும் ஒளியைக் கணிப்பொறியிற் கணித்துக் காட்டும் நெறியொன்றை வெளியிட்டனர். அதன்பின், உள்ளொளி கசிதலே மனிதத் தோலின் இலக்கணம் என்னும் எண்ணம் அத்துறையில் வேரூன்றிற்று. யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் தியடோர் கிம், 2020-இல் எழுதிய கட்டுரையில், இவ்வெண்ணம் வெள்ளைத் தோலின் இயல்பையே எல்லார் தோலின் இயல்பாகக் கொண்ட பிழை என்று எடுத்துக்காட்டினார். பகுதியை முழுமைக்கு இலக்கணமாக்குதல் அவ்வியாத்தி என்னும் குற்றமாதல் தருக்கம் கற்றார் அறிவர்.

இக்குற்றம் கணிப்பொறியோடு தோன்றியதன்று. சென்ற நூற்றாண்டில், கோடக் நிறுவனத்தார் நிறப்படங்களை ஒத்துநோக்கித் திருத்துதற்கு அச்சுக்கூடங்களுக்கு வழங்கிய அட்டைகளில் நெடுங்காலம் வெண்ணிறப் பெண்டிர் உருவமே இருந்தது. அவ்வளவைக்கு இயைந்த முகம் தெளிவாக விழுந்தது. கரிய முகம் கண்ணும் பல்லும் மட்டும் புலனாக இருண்டு போயிற்று. மெய்நிகர் உலகின் தோல் எழுதுவாருள்ளும், வெள்ளை முகம் ஒன்றை எழுதி அதன்மேற் கருமையை ஊற்றிவிடுவார் உண்டு. அங்ஙனம் செய்யின், மேனி சாம்பல் பூத்ததுபோலாம். மேனியினும் வெளிறியிருத்தற்குரிய உள்ளங்கையும் உள்ளங்காலும் ஒருசேரக் கறுக்கும். மூக்கின் நிழலும் உதட்டின் வரையும் வேறொருவருடையனவாய் நிற்கும். அது கரியார் ஒருவரின் உருவமன்று. கரிபூசிய வெள்ளையரின் உருவம். முன்னாளில் அமெரிக்க நாட்டு நாடக மேடைகளில் வெள்ளையர் முகத்திற் கரி பூசிக்கொண்டு கரியாரை நகையாடி நடித்தமை வரலாறு அறிந்தார்க்குத் தெரியும். ஆகவே உள்ளவாறு எழுதுதல் தொழிற்றிறம் மட்டுமன்று. அதனுள் ஓர் அறமும் அடங்கியுளது. ஒருவரை உற்று நோக்கினார்க்கன்றி அவரை உள்ளவாறு எழுதுதல் கூடாது.

தன் நிறத்தைத் தான் வேண்டுவார் நெடுநாள் பட்ட குறையும் ஈண்டு அறியத்தக்கது. 2012-இல் வெளிவந்த ‘அனிமல் கிராசிங்: நியூ லீஃப்’ என்னும் விளையாட்டில் நிறத்தைத் தெரிந்துகொள்ளும் வழியே இல்லை. கரிய மேனி வேண்டினோன் தன் உருவத்தை வெயிலில் நிறுத்திக் கறுக்கச் செய்தல் வேண்டும். அது பின்னர் மீண்டும் வெளுத்துவிடும். 2020-இல் வெளிவந்த அதன் அடுத்த பகுதியிலேயே நிறம் தெரிந்துகொள்ள இடமளிக்கப்பட்டது. அவ்வாண்டு இறுதியில் ‘த சிம்ஸ் 4’ என்னும் விளையாட்டிலும் நூற்றுக்கு மேற்பட்ட புதுநிறங்கள் சேர்க்கப்பட்டன. செய்திகளிடையே இடும் சிறுமுகக் குறிகளுக்கு 2015-இல் யூனிகோடு அமைப்பார் ஐந்து தோல்நிறங்களை வகுத்தனர். ஆர்வர்டு பல்கலைக்கழகத்துச் சமூகவியலறிஞர் எல்லிஸ் மங்க் வகுத்த பத்துநிற அளவையைக் கூகிள் நிறுவனத்தார் 2022-இல் வெளியிட்டனர். தன் முகத்தைத் தான் காணும் உரிமை எல்லார்க்கும் ஒருங்கே கிடைத்ததன்று என்பதற்கு இவ்வாண்டுகளே சான்று. வெள்ளையர்க்கு அது கேளாமலே கிடைத்தது. பிறர்க்குக் கேட்டபின் சிறிது சிறிதாகக் கிடைத்தது.

முதற்கூற்றும் மறுப்பும்

இனி, நாம் எடுத்துக்கொண்ட வினாவிற்கு மூவகையான விடை கூறுவார் உளர்.

அவருள் ஒருசாரார், “உடம்பின் வேறு உயிர். மெய்யுடம்பே உயிராகாதபோது, அதன் நிழலாகிய இவ்வேடத்தின் நிறம் பற்றி ஆராய்தல் வீண். எவரும் எந்நிறமும் கொள்க” என்பர். தத்துவம் கற்றார்க்கு இக்கூற்று இனிதாகவே தோன்றும். ஆயினும் அது பொருந்தாது. என்னை? நிறம் ஒரு பொருளன்றாயின், அது பற்றி ஆண்டு இகழ்ச்சி விளைதல் கூடாது, விளைகின்றதே. செகண்ட் லைஃப் உலகச் செய்திகளை எழுதிவந்த வாக்னர் ஜேம்ஸ் ஆவ் என்பார் 2006-இல் ஒரு நிகழ்ச்சியை வெளியிட்டார். வெண்ணிற வேடத்தொடு அங்கு வழங்கிவந்த பெண்ணொருத்தி கரிய தோலொன்றை மேற்கொண்டாள். ஓரிடத்திற் புகுந்த அளவிலே, முன்பின் அறியாதார் அவளை இனவசையால் இழித்துரைத்தனர். பழகிய நண்பருள்ளும் சிலர் அணுகுதலைக் குறைத்தனர். பெயரும் அவளே, பேச்சும் அவளே. மாறியது தோலோவியம் ஒன்றே.

இஃது ஒருத்தி பட்ட துன்பம் என்று தள்ளவும் இயலாது. பால் ஈஸ்ட்விக், வெண்டி கார்ட்னர் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் ‘தேர் டாட் காம்’ என்னும் மெய்நிகர் உலகிற் செய்த சோதனையை 2009-இல் வெளியிட்டனர். முதலிற் பெரியதோர் உதவியைக் கேட்டு, அது மறுக்கப்பட்டபின் சிறியதைக் கேட்டால், கேட்கப்பட்டார் இரங்கி இசைதல் மக்களியல்பு. வெளிறிய வேடத்தார் கேட்டபோது இவ்விரக்கம் நன்கு புலனாயிற்று. கரிய வேடத்தார் கேட்டபோது அது குறைந்து காணப்பட்டது. வேடம் என்று அறிந்திருந்தும் மக்கள் மனம் நிறத்துக்கு ஏற்பவே நெகிழ்ந்தது.

இக்கூற்றாளரைச் சோதித்தற்கு மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. இங்கிலாந்து நாட்டு ஃபேஸ்பஞ்ச் ஸ்டுடியோஸ் நிறுவனத்தார் தாம் ஆக்கிய ‘ரஸ்ட்’ என்னும் விளையாட்டில், 2015-இல், ஆடுவார் ஒவ்வொருவர்க்கும் அவர் கணக்கெண்ணுக்கு ஏற்ப ஒரு முகத்தையும் நிறத்தையும் தாமே அமைத்துவிட்டனர். 2016-இல் ஆண் பெண் என்பதையும் அவ்வாறே அமைத்தனர். மாற்றிக்கொள்ள வழியில்லை. வினைப்பயன் போலத் தோன்றினும் அது வினைப்பயனன்று. செய்ததற்கு ஒத்தது என்னும் முறைமை அதன்கண் இல்லை. ஆயினும் கேளாது வந்ததென்னும் அளவில் பிறப்பை ஒக்கும். ஆடுவோர் பலர் முறையிட்டனர். தமக்கு ஒவ்வாத உடம்பில் தம்மை அடைத்துவிட்டனர் என்றனர். நிறம் ஒரு பொருளன்று என்பது மெய்யாயின், அம்முறையீட்டிற்கு இடம் ஏது?

‘உடம்பு நானல்லேன்’ என்பது ஒருவன் தன் உடம்பை நோக்கித் தனக்குச் சொல்லிக்கொள்ளும் உபதேசம். பிறன் உடம்பில் விழுந்த அடியைக் காணும்போது, ‘உடம்பு நீயல்லை’ என்று அவனுக்குச் சொல்லி அப்பாற் செல்லுதற்கு அஃது ஏற்பட்டதன்று. பசித்தானுக்கு முன் நின்று பசி ஆன்மாவின் குணமன்று என்று விரித்துரைப்பாரை நாம் ஞானி என்று கொள்வதில்லை. ஆகலின் முதற்கூற்று, உண்மை ஒன்றைப் பொருந்தாத இடத்தில் வைத்துக் கூறியதாயிற்று.

இரண்டாங் கூற்றும் மறுப்பும்

மற்றொருசாரார், “தனக்குரிய நிறத்தையன்றிப் பிறர் நிறத்தைக் கொள்ளுதல் பொய். ஆகலின் அது யார்க்கும் ஆகாது” என்பர். இதுவும் முழுதும் பொருந்துவதன்று. பொய்யாவது, கேட்பாரைப் பிறழவுணர்த்தும் நோக்கத்தோடு கூறுவது. செகண்ட் லைஃப் உலகில் சிறகு முளைத்தவரும், விலங்குருக் கொண்டவரும், இயந்திர மேனியரும் நடமாடுவர். எதிர்நிற்பானது தோற்றம் அவன் மெய்த்தோற்றம் என்று அங்கு ஒருவரும் துணிவதில்லை. கூத்தில் அரசன் வேடம் பூண்டானைப் பொய்யன் என்னாமை போல, இவனையும் வேடம் பூண்ட அளவானே பொய்யன் எனல் ஆகாது.

பின்னர்ப் பொய் எங்கே தோன்றுமெனின், வேடத்தைச் சான்றாகக் காட்டுமிடத்துத் தோன்றும். கரிய தோலை அணிந்தான் ஒருவன், “யான் அவ்வினத்தேன்; எங்களுக்கு இதனால் வருத்தமில்லை; ஆகலின் நீவிர் இவ்வாறு பேசலாம்” என்று கூறுவானாயின், அவன் தனக்கு உரிமையில்லாத நாவினாற் பேசுகின்றான். மெய்ப்பொருள் நாயனார் வரலாற்றில், முத்தநாதன் திருநீறு பூசி வந்தான். குற்றம் நீற்றில் இல்லை. புத்தகக் கட்டினுள் மறைத்த படையில் உளது. வேடத்துக்குக் கிடைக்கும் நம்பிக்கையைத் தன் கருத்து முடித்தற்குக் கருவியாக்கியதே அவன் செய்த தீமை.

பொய்யின்றியும் தீமை விளைதல் கூடும் என்பதையும் ஈண்டே கூறல் வேண்டும். உருவமின்றி எழுத்தாலேயே வேடம் புனையும் ‘லாம்டாமூ’ என்னும் உலகம் 1990-இல் தொடங்கப்பட்டது. அதனை ஆராய்ந்த லிசா நகமுரா என்னும் பேராசிரியர் 1995-இல் எழுதிய கட்டுரையில், அங்கு ஆசியர் வேடம் பூண்டார் பலர் வாளேந்திய சாமுராய் மறவராகவும் மகளிரைப் பற்றிய பழங்கற்பனைக்கு ஏற்ற பேதையராகவுமே தம்மைப் புனைந்தனர் என்று காட்டினார். அதனை அவர் அடையாளச் சுற்றுலா என்று பெயரிட்டு வழங்கினார். சுற்றுலாச் செல்வோன் ஊரின் அழகை நுகர்வான். அவ்வூர்க்கு வரி கட்டான். பஞ்சம் வரின் ஆண்டு இரான். அங்ஙனமே இவ்வேடத்தாரும் ஓரினத்தின் ஆடையையும் வாளையும் கொண்டு, அவ்வினத்தார் படும் பாட்டைக் கொள்ளாது விட்டனர். இது பொய்யன்று, ஆயினும் பிறரைப் பொம்மையாக்குதல் ஆகும். இரண்டாங் கூற்றார் அஞ்சியது இதனையே எனின், அவ்வச்சம் நியாயமானதே. அதற்கு அவர் கூறிய தீர்வாகிய முற்றவிலக்கே பொருந்தாதது.

மூன்றாங் கூற்றும் மறுப்பும்

பிறிதொருசாரார், “வேற்றினத்தார் தோலை அணிதலே நன்று. அணிந்தார்க்கு அவர்மேல் இரக்கம் பிறக்கும்” என்பர். இது நல்லெண்ணத்தால் எழுந்த கூற்று, ஆராயாமல் ஏற்கத்தக்கதன்று.

உயிர் சார்ந்ததன் வண்ணமாகும் இயல்பினது என்பது நம் ஆசிரியர்கள் வகுத்த பேருண்மை. பளிங்கு தன்னை அடுத்த பொருளின் நிறத்தைக் காட்டுதல் போல, உயிரும் தான் அடுத்ததன் தன்மையதாய் நிற்கும். இதற்கு இயையும் செய்தி இக்கால ஆராய்ச்சியினும் உண்டு. நிக் யீ, ஜெரமி பெய்லன்சன் என்பார் 2007-இல் வெளியிட்ட சோதனைகளில், உயர்ந்த வேடம் அளிக்கப்பட்டார் பேரம் பேசுகையில் மிகுந்த துணிவு காட்டினர். அழகிய வேடம் அளிக்கப்பட்டார் பிறரை நெருங்கி நின்று பேசினர். அணிந்தான் அணிக்கு ஏற்ப ஒழுகினான்.

ஆயின், கரிய வேடம் அணிந்தார்க்கு விளைந்தது யாது? 2009-இல் விக்டோரியா குரூம், பெய்லன்சன், கிளிஃபர்டு நாஸ் என்னும் மூவர் வெளியிட்ட ஆராய்ச்சியில், கரிய வேடத்தொடு வேலைக்கான நேர்காணலிற் புகுந்தார்க்கு, வெண்ணிற வேடத்தொடு புகுந்தாரினும், வெள்ளையர்பால் உள்ளூர நிற்கும் சாய்வு மிகுந்தே காணப்பட்டது. 2013-இல் டபிதா பெக், மெல் ஸ்லேட்டர் முதலியோர் வெளியிட்ட ஆராய்ச்சியிலோ முடிவு மறுதலைப்பட்டது. வெளிறிய மேனியுடைய மகளிர்க்கு, தாம் அசைந்தவாறே அசையும் கரிய உடம்பு மெய்நிகராக அளிக்கப்பட்டது. அவர்க்குக் கரியார்மேல் இருந்த உள்ளார்ந்த வெறுப்பு குறைந்தது. வெண்ணிற உடம்பும், உலகில் எவர்க்குமில்லாத ஊதா நிற உடம்பும் அளிக்கப்பட்டார்க்கு அங்ஙனம் குறையவில்லை.

ஒரே வேடம் ஓரிடத்து மயலை வளர்த்தது. ஓரிடத்து மயலைத் தேய்த்தது. இதனை எவ்வாறு கொள்ளுதல்? சார்ந்ததன் வண்ணமாதல் உண்மை. ஆயின் உயிர் எதனைச் சார்ந்தது என்பதே வினா. நேர்காணல் என்பது ஒருவர் தகுதியை மற்றொருவர் அளந்து நோக்குமிடம். ஆண்டுக் கரிய வேடம் பூண்டான், அவ்வினத்தார் பற்றி உலகம் கூறும் இழிவுரையையே சார்ந்தான் போலும். உடம்பு தன் அசைவோடு ஒத்தியங்கக் கண்டவளோ, அவ்வுடம்பைத் தன்னுடையதாகவே சார்ந்தாள். நாம் பிறரைப் பற்றி முன்னரே கொண்ட எண்ணத்தைச் சார்ந்து அவர் தோலை அணிவோமாயின், அத்தோல் நம் எண்ணத்துக்கே சாயம் ஏற்றும். வேடம் தானே ஆசிரியனாகாது. இரக்கம் வேண்டுவான் தோலை அணியுமுன், அத்தோலில் வாழ்வார் சொல்லைக் கேட்டல் வேண்டும்.

துணிபு

மூன்று கூற்றும் தனித்தனி பொருந்தாமை கண்டாம். பின்னர் உரைகல் யாது? நம் புராணங்களில் அதற்கு விடை உண்டு. மதுரையில் வையை பெருகியபோது, வந்தி என்னும் கிழவிக்காக இறைவன் கூலியாளாக வந்தான். பிட்டைக் கூலியாகக் கொண்டு மண் சுமந்தான். கூலியாளன் மேனியைக் கொண்டவன், கூலியாளனுக்கு விழும் பிரம்படியையும் அம்மேனியின்மேல் ஏற்றான். யான் இன்னான் என்று கூறி அவ்வடியைத் தடுத்தானல்லன். அவ்வடி அரசன் முதலாக எல்லார்மேலும் பட்டது. அருச்சுனன்பொருட்டு வேடனாய் வந்த இடத்தும், வில்லடியை ஏற்றே நின்றான். அருளாற் கொள்ளும் வேடத்துக்கும் விளையாட்டாற் கொள்ளும் வேடத்துக்கும் உள்ள வேற்றுமை இதுவே. வேடத்தின் அழகைக் கொண்டவன் அதன் அடியையும் கொண்டானா என்பதே உரைகல்.

பிறப்பால் அந்நிறம் வாய்ந்தான் அதனைக் களைய முடியாது. இழிசொல் வரும்போது அவன் தோலை மாற்றிக்கொண்டு அடுத்த தெருவிற் புகமாட்டான். வேடத்தானோ ஒரு நொடியில் மாற்றிக்கொள்வான். இவ்வெளிமையே அவனுக்கு வந்த பெருஞ்செல்வம். அதனாலேயே அவனுக்குக் கடனும் உண்டு. அக்கடன்களை ஒருவாறு தொகுத்துரைப்பாம். தான் கொள்ளும் தோல் உள்ளவாறு எழுதப்பட்டதா, கரிபூசியதா, நகையாடற்கு எழுதப்பட்டதா என்று நோக்கியே கொள்ளுதல் ஒன்று. அவ்வினத்தார்க்காகத் தான் சான்று பகராமையும், கேட்பார்க்குத் தன் பிறப்பை மறையாது கூறுதலும் ஒன்று. அவ்வேடத்தின்மேல் இகழ்ச்சி வந்தவிடத்து உடனே களைந்தோடாது நின்று, அது தகாதென்று உரைத்தல் ஒன்று. இந்நான்காவது பெரிதும் மறக்கப்படுவது: தான் பட்ட சிறிதளவு துன்பத்தைக் கொண்டு, அவ்வினத்தார் படும் துன்பம் முழுதும் அறிந்தேன் என்று தருக்காமை. இவற்றை ஏற்க மாட்டாதான் அவ்வேடத்தைக் கொள்ளாமையே நன்று. கொள்ளாமை இழுக்கன்று.

தன் பிறப்பு நிறத்தையே வேடமாகக் கொள்வானுக்கு இக்கடன்களுள் ஒன்றும் இல்லை. அவன் எவர்க்கும் காரணம் கூறவேண்டியதில்லை. அவன்பொருட்டுத் தோல் எழுதுவார்க்கும் விற்பார்க்குமே கடன் உண்டு. வெள்ளை முகத்தைப் பல காட்டிக் கரிய முகத்தை ஒன்றே காட்டும் கடை, வந்தானை வாயிலிலேயே வேறுபடுத்தி நிறுத்துகின்றது. காண்பார்க்கும் கடன் உண்டு. எதிர்வரும் வேடத்தின் உள்ளிருப்பான் விளையாட்டாக அணிந்தானோ, பிறப்பாற் சுமந்தானோ என்பது காண்பார்க்குப் புலனாகாது. ஆகலின் எவ்வேடத்தையும் மெய்யென்றே கொண்டு மதித்தல் வேண்டும். உள்ளிருப்பான் யார் என்று அறியாதபோதும் வேடத்தை வணங்குதல் மெய்ப்பொருளார் நமக்குக் காட்டிய நெறி.

ஒரு கடா

“பிறப்பாற் கரியன் ஒருவன், மெய்நிகர் உலகில் வெள்ளைத் தோலைக் கொள்வானாயின் அது குற்றமா?” என வினவின், கூறுதும். பகலெல்லாம் தெருவிலும் அலுவலகத்திலும் நிறம் பற்றிய பார்வையைச் சுமந்தான், இரவில் ஒருநாழிகை அப்பார்வையின்றி இருக்க விரும்புதலைக் குற்றம் என்பார் நெஞ்சில் ஈரமிலர். வெள்ளையன் கரிய தோலை அணிதலும், கரியன் வெள்ளைத் தோலை அணிதலும் புறத்தே ஒன்றுபோலத் தோன்றினும் அகத்தே ஒன்றல்ல. முன்னையது பெரும்பாலும் நுகர்ச்சி நாடியது. பின்னையது பெரும்பாலும் இளைப்பாறல் நாடியது. பழி, இளைப்பாறுதற்கு நிறத்தைக் கழற்றவேண்டும்படி ஓரிடத்தை ஆக்கிவைத்தார்மேலதேயன்றி, கழற்றியவன்மேலதன்று. ஆயினும் ஓர் இழப்பு உண்டு. அவனைப் போன்ற மற்றொருவன் அவ்வுலகிற் புகுந்து நோக்கும்போது, தன்னையொத்த முகம் ஒன்றும் காணாது, இது தனக்குரிய இடமன்று போலும் என்று மீள்வான். ஒருவன் தன் நிறத்தோடு நிற்றல், பின் வருவானுக்கு இருக்கை இட்டு வைத்தலாம். இதனை அவனுக்குக் கட்டளையாகக் கூறோம், நினைவூட்டுதலாகவே கூறுகின்றோம்.

இவ்விடத்து நம்மவரையும் நோக்குதல் தகும். தமிழ்நாட்டார் ஒருவர் இவ்வுலகிற் புகுந்து தோல் தெரிந்துகொள்வாராயின், தம் மாநிறத்தையோ கருநிறத்தையோ கொள்வாரா, அதனினும் இரண்டு படி வெளிறியதைக் கொள்வாரா? கறைமிடற்றை அழகென்று பாடுகின்றோம். காளியின் கருமையை வணங்குகின்றோம். மணமகள் வேண்டி விளம்பரம் எழுதும்போது மட்டும் சிவந்த நிறம் கேட்கின்றோம். முகத்தை வெளுப்பிப்பதாகக் கூறி நெடுங்காலம் விற்ற களிம்பொன்றின் பெயரிலிருந்து வெண்மை குறித்த சொல் 2020-இல் நீக்கப்பட்டது. நம் வாயிலிருந்து அச்சொல் இன்னும் நீங்கவில்லை. மெய்நிகர் உலகின் கடையில் நிற்கும் ஒருவர் கை எந்நிறத்தின்மேற் செல்கின்றது என்பது, தம் உடம்பைப் பற்றித் தாம் உள்ளூரக் கொண்ட கருத்தைத் தமக்கே காட்டிவிடும். அந்த அளவில் அக்கடை ஒரு கண்ணாடி.

ஆகவே, வேற்றினத்தார் தோலைக் கொள்ளுதல் அதுவே பாவமுமன்று; அதுவே புண்ணியமுமன்று. கொண்டவன் அதன் கடனைக் கொண்டானாயின் தகும், கொள்ளானாயின் தகாது. கணிப்பொறியை அணைத்தவழி வேடம் மறையும்; அதனைச் சார்ந்து உயிர் பெற்ற வண்ணம் மறையாது உடன்வரும். மறுநாட் காலையில், அத்தோலைப் பிறப்பாற் பெற்றான் ஒருவன் தெருவில் எதிர்ப்பட, முன்னினும் அவனைத் தன்னோடு ஒப்ப நோக்குகின்றானா என்பதைக் கொண்டு, ஒவ்வொருவரும் தாம் கொண்ட வேடம் தம்மை யாது செய்தது என்று அளந்துகொள்க. இதனினும் சிறந்த முடிபு காண்பார் உளரேல், அதனை எழுதி அறிவுறுத்துமாறு அறிஞரை வேண்டுகின்றாம்.